சீப்பின் மேல் விழுந்த பழி

உச்சந்தலையின் நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு முடி மெலிவதில்தான் இந்த நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. சிலருக்கு அந்த இடம் அரிக்கும், எரியும், சீப்புப் பட்டால் சுருக்கென்று வலிக்கும். பலருக்கு, அந்த ஓரிடத்தில் மட்டும் முடி நீளாமல் ஒடிந்து ஒடிந்து விழுவதைத் தவிர, வேறெந்தத் தொந்தரவும் இருக்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வட்டம் நாற்புறமும் விரிந்து, நெற்றியோரத்திலும் காதோரத்திலும் பின்கழுத்திலும் மட்டும் முடி எஞ்ச, நடுத்தலை பளபளப்பான வெற்றுத் தோலாகிவிடும். மருத்துவ நூல்களில் இதற்கு ‘சென்ட்ரல் சென்ட்ரிஃப்யூகல் சிகாட்ரிஷியல் அலோபீசியா’ என்று நாக்கைச் சுளுக்கவைக்கும் பெயர். தோல் மருத்துவர்களான நாங்கள் சுருக்கமாக சிசிசிஏ என்று முடித்துக்கொள்வோம். நடுவில் தொடங்கி வெளிநோக்கிப் பரவும் வடு வழுக்கை என்று தமிழில் சொல்லலாம். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் காணப்படும் வடு வழுக்கைகளில் இதுவே மிகுதி.

அமெரிக்காவில், கறுப்பின மக்கள் நிறைய வாழும் ஒரு நகரத்தில் தோல் மருத்துவராக இருக்கிறேன். இந்த நோயோடு வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். நோயின் வரலாற்றைப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: அதில் பாதிக்கு மேல், நோயாளியின் கையிலிருந்த சீப்பைக் குற்றவாளியாக்கிய வரலாறு. அந்தக் குற்றச்சாட்டுக்கு அன்றும் போதிய சான்று இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அது இன்றுவரை நோயாளிகளைத் தாமதமாக மருத்துவரிடம் வரவைக்கிறது.

வடு என்ற சொல்லை நாங்கள் காரணத்தோடுதான் பயன்படுத்துகிறோம். நம் ஊரில் புழுவெட்டு என்கிறோமே, அதில் சொட்டை எவ்வளவு பெரிதானாலும் தோலுக்கடியில் மயிர்க்கால் உயிரோடு இருக்கும். டைஃபாய்டு, டெங்கு காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் கொத்துக்கொத்தாகக் கொட்டுவதும் அப்படித்தான். காரணம் விலகினால் முடி திரும்பும். வடு வழுக்கையில் மயிர்க்காலே அழிகிறது. எண்ணெய்ச் சுரப்பி வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, முடியை மறுபடி மறுபடி வளரச் செய்யும் மூலச்செல்கள் தங்கியிருக்கின்றன. அங்கே அழற்சி நீடித்து, அந்தச் செல்கள் அழிந்து, குழியிருந்த இடத்தை நார்த்திசு நிரப்பிவிட்டால் அங்கே மறுபடி முடி முளைக்காது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரெஸ்லி 2020 ஜனவரியில் தம் வழுக்கைத் தலையை எல்லோரும் பார்க்கக் காட்டிப் பேசிய பிறகு, கறுப்பினப் பெண்கள் பலர் முடியிழப்பைப் பற்றி வாய்திறந்து பேசத் தொடங்கினார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவருக்கு வந்தது புழுவெட்டு வகை. அதையும் இதையும் ஒன்றாக எண்ணி, ‘தானாக வளர்ந்துவிடும்’ என்று காத்திருப்பவர்களும் வருகிறார்கள் என்பதால் இந்த வேறுபாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோய் அரிதானதல்ல. 529 கறுப்பின அமெரிக்கப் பெண்களை நேரில் பார்த்து ட்யூக் பல்கலைக்கழகத்தின் எலீஸ் ஓல்சனும் மற்றவர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 5.6 சதவீதம் பேருக்கு நடுத்தலையில் விரிவான முடியிழப்பு இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நொன்லாங்லா குமாலோ 2007-ல் வெளியிட்ட ஆய்வில் சிசிசிஏ 2.7 சதவீதம், ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் 6.7 சதவீதம்.

பழி எப்படி விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சீப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கறுப்பினக் குடும்பங்களின் சனிக்கிழமை இரவுகளில் சமையலறை அடுப்பின் மேல் ஓர் உலோகச் சீப்பு காய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் தேவாலயம். சிறுமியை நாற்காலியில் உட்காரவைத்து, ‘காதைப் பிடித்துக்கொள்’ என்று தாய் சொல்ல, அவள் காதுமடலை மடக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பாள். வாசலினோ அதைப்போன்ற பிசுக்கோ பூசிய சுருட்டை முடியின் வழியே சூட்டுச் சீப்பு சரசரவென்று இறங்கும்போது புகை எழும். கை தவறினால் காதோரத்தில் தழும்பு. அறுபது வயதைத் தாண்டிய என் நோயாளிகளில் பலர் அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். வருத்தத்தோடு அல்ல, அம்மாவின் நினைவாக. இந்தச் சீப்பைக் கறுப்பினப் பெண்களிடையே பெரிய அளவில் பரப்பியவர்களில் ஒருவர் மேடம் சி. ஜே. வாக்கர். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867-ல் லூசியானாவில் பிறந்து, துணி துவைத்துப் பிழைத்து, கேசப் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டி, 1919-ல் மறைந்தவர். சூட்டுச் சீப்பை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது முன்பே இருந்தது. தம் தலையிலேயே முடி கொட்டியதால்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1968-ல் லோப்ரெஸ்டி, பாப்பா, கிளிக்மன் என்ற மூவர், அமெரிக்காவின் முக்கியமான தோல் மருத்துவ இதழில் ‘சூட்டுச் சீப்பு வழுக்கை’ என்ற பெயரிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கறுப்பினப் பெண்களின் உச்சந்தலையில் வடுவோடு முடி போவதை ஒரு தனி நோயாக அடையாளம் கண்டது அதன் சிறப்பு. காரணமாக அவர்கள் சொன்னது இது: சூட்டில் உருகிய வாசலின் முடித்தண்டின் வழியாக இறங்கி மயிர்க்காலுக்குள் புகுந்து, அங்கே நாட்பட்ட அழற்சியை உண்டாக்கி வடுவாக்குகிறது. கேட்பதற்குப் பொருத்தமான கதைதான். சீப்பு சுடுகிறது, எண்ணெய் உருகுகிறது, தோல் கெடுகிறது. இதில் ஐயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்துக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் அதே சீப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் நோய் வந்தது, அதுவும் தலை முழுவதும் சூடு பட்டிருக்க உச்சியில் மட்டும் ஏன் தொடங்கியது என்ற கேள்விகளுக்கு அந்தக் கதையில் பதில் இல்லை. கட்டுரை எழுதிய மூவரில் கிளிக்மன், பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள் மேல், அவர்களிலும் பெரும்பாலும் கறுப்பினத்தவர் மேல், தோல் பரிசோதனைகள் நடத்தியதற்காகப் பின்னாளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-ல் அதற்கு மன்னிப்புக் கேட்டது. அதை வைத்து இந்தக் கட்டுரை தவறு என்று நான் வாதிடப் போவதில்லை. கட்டுரையின் குறை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் குறையைத் திசுக்களைப் பார்த்துச் சொன்னவர் லெனார்ட் ஸ்பெர்லிங். இராணுவ மருத்துவர், தோல் திசுக்களை நுண்ணோக்கியில் படிப்பதில் தேர்ந்தவர். 1992-ல் அவரும் அவருடைய சக ஆய்வாளரும் பழைய நோயை மறுபடி எடுத்து ஆராய்ந்தபோது, நோயாளிகள் சீப்பைப் பயன்படுத்தியதற்கும் நோய் தொடங்கியதற்கும் வளர்ந்ததற்கும் சரியான பொருத்தம் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் மயிர்க்காலுக்குள் வேறொன்று தெரிந்தது. வளரும் முடித்தண்டைச் சுற்றி ஓர் உள்ளுறை உண்டு. முடி மேலேறி வரும்போது, எண்ணெய்ச் சுரப்பியை நெருங்கும் இடத்தில்தான் அந்த உறை உதிர வேண்டும். இந்த நோயாளிகளுக்கு அது மிகக் கீழேயே, வேர்ப்பகுதியிலேயே உதிர்ந்துபோயிருந்தது. பார்வைக்கு நலமாகத் தோன்றிய மயிர்க்கால்களிலும் அப்படியே. உறை இல்லாத தண்டு பக்கச்சுவரில் உரச, சுவர் மெலிந்து, முடி மையத்திலிருந்து ஒதுங்கி, வெள்ளணுக்கள் சூழ்ந்து, கடைசியில் வெங்காயத்தோல்போல் அடுக்கடுக்காக நார்த்திசு சுற்றிக்கொள்கிறது. மேலிருந்து சொட்டும் எண்ணெய் இதைச் செய்திருக்க முடியாது. இரண்டாண்டு கழித்து, கறுப்பின ஆண்களிடமும் இதே நோய் உண்டென்று ஸ்பெர்லிங் குழு எழுதியது. பிறகு 2001-ல் ட்யூக்கில் கூடிய முடி ஆய்வாளர்கள் வடு வழுக்கைகளை வகைப்படுத்தியபோது, காரணத்தைச் சொல்லாமல் இடத்தையும் பரவும் விதத்தையும் மட்டும் சொல்லும் இன்றைய பெயர் நிலைத்தது.

ஆனால் சீப்பு போன இடத்தில் ரிலாக்ஸர் வந்து உட்கார்ந்தது. முடியின் சுருளை நிரந்தரமாக நீட்டும் காரம் அது. சோடியம் ஹைட்ராக்சைடு கலந்தவையும் உண்டு, தலைத்தோல் வெந்து கொப்பளிப்பதும் உண்டு. அதன் பின் இறுக்கமான பின்னல்களும், வெளிமுடியைப் பின்னலோடு தைத்துக்கட்டும் வீவ்களும் குற்றப்பட்டியலில் சேர்ந்தன. ஆய்வுகள் ஒரே திசையில் இல்லை: இழுத்துக் கட்டும் பின்னலுக்கும் வீவுக்கும் நோயோடு தொடர்பிருப்பதாகச் சில சொல்லின, ரிலாக்ஸருக்கும் சூட்டுச் சீப்புக்கும் தெளிவான தொடர்பில்லை என்று ஓல்சனின் ஆய்வு சொன்னது. உச்சியில் முடி மெலிந்த பெண் அதை மறைக்கத்தான் வீவ் தைத்துக்கொள்கிறாள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கேள்வித்தாளில் எது முன், எது பின் என்று தெரியாது. இதனால் ரிலாக்ஸர் முற்றிலும் நல்லது என்று ஆகாது. தலைப்புண்ணை விடுங்கள், அடிக்கடி முடிநீட்டும் ரசாயனங்களைப் பயன்படுத்துபவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகம் காணப்பட்டதாக 2022-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அது தனிக் கணக்கு. இந்த வடுவுக்கு அதுதான் காரணம் என்று சொல்லத்தான் சான்று போதவில்லை.

என் அறைக்கு வரும் பெண்கள் இந்த ஆய்வுகளைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் பழியை மட்டும் நன்றாகக் கேட்டிருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், விக்கின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடியில் வைத்து அதன் முடியைத் தடவிக்கொண்டே, “நான்தானே டாக்டர் இதைக் கெடுத்துக்கொண்டேன்?” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். ரிலாக்ஸரை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் வட்டம் விரிந்துகொண்டே போனது அவருக்குப் புரியவில்லை. “விட்டும் போகிறதே!” என்றார். முன்பு பார்த்த மருத்துவர் பின்னலை விடச் சொல்லி அனுப்பியிருந்தார். தலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. தலையைப் பிரித்துப் பார்க்காமல் ஆலோசனை சொல்லும் வழக்கம் எந்த நாட்டுக்கும் பொதுவானது. இங்கே சுருட்டை முடியைத் தொடத் தயங்கும் கூச்சமும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

விக் என்றதும் ஓர் இடைக்குறிப்பு. திருப்பதியிலும் பழனியிலும் மொட்டையடித்துக் காணிக்கையாகக் கொடுத்த முடி ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு, விக்காகவும் வீவாகவும் உலகச் சந்தைக்கு வருகிறது. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் அதன் முக்கியமான வாடிக்கையாளர்கள். நீளமான, நேரான, ரசாயனம் படாத இந்திய முடிக்கு இங்கே நல்ல விலை.

நோயை உறுதிசெய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் தலைத்தோலை உருப்பெருக்கும் டெர்மோஸ்கோப்பை உச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் அழற்சியின் சிவப்பு வெறும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது; பாடநூல் படங்களில் வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகியவர்கள் ‘அழற்சி இல்லை’ என்று எழுதிவிடுவது இதனால்தான். ஆனால் டெர்மோஸ்கோப்பில், முடி வெளிவரும் துளையைச் சுற்றிச் சாம்பல் கலந்த வெள்ளை வளையம் தெரியும். அந்த வளையம் தெரிந்த முடியோடு சேர்த்துத்தான் திசு எடுக்க வேண்டும். பளபளப்பான நடுவிடத்தில் எடுத்தால் ஆறிப்போன வடுவைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியை முடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே சாய்த்துத் திருப்பி இறக்குவேன். ஆப்பிரிக்க முடியின் வேர் தோலுக்கடியிலும் வளைந்தே இருப்பதால், செங்குத்தாக இறக்கினால் வேர் பாதியில் அறுந்துவிடும். ஒரு தையல், அதன்மேல் முடியை வாரிவிட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்த திசுத்துண்டைக் கிடைமட்டமாகச் சீவி நுண்ணோக்கியில் படிப்பவர், கறுப்பினத்தவரின் தலையில் இயல்பாகவே மயிர்க்கால்களின் அடர்த்தி வெள்ளையரைவிடக் குறைவு என்பதை அறிந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இயல்பான தலையையே நோயென்று எண்ணிவிடலாம். உச்சியில் மெலிகிறது, முன்நெற்றி முடி அப்படியே இருக்கிறது என்ற அளவில் பரம்பரை வழுக்கையும் இதைப்போலவே தோன்றும். அந்தப் பெயரில், முடி வளரத் தடவும் மருந்தான மினாக்ஸிடில் மட்டும் தடவிக் காலம் போக்கியவர்கள் நிறைய.

குடும்பத்தில் வருகிறது என்பது நோயாளிகளுக்கு முன்பே தெரியும். “அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இப்படித்தான்” என்பார்கள்; ஒரே வீட்டில் ஒரே சீப்பு என்று மருத்துவர்கள் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். டர்பன் நகரின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்கோசா ட்லோவா, தென்னாப்பிரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்து, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்ற முறையில் நோய் கடத்தப்படுவதாக 2014-ல் எழுதினார். பிறகு அவரும் டெல் அவிவ், ஜெர்மனியின் பான், அமெரிக்காவின் வடக்குக் கரோலினா ஆய்வாளர்களும் சேர்ந்து 2019-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், சிசிசிஏ உள்ள 58 பெண்களில் 14 பேரிடம் பிஏடிஐ3 என்ற மரபணுவில் பிறழ்வுகள் இருந்தன. முடித்தண்டையும் அதன் உள்ளுறையையும் உறுதியாக்கும் புரதங்களைப் பக்குவப்படுத்தும் நொதியை உருவாக்குவது இந்த மரபணு. பிறழ்வுள்ளவர்களிடம் அந்த நொதி குறைவாகவும் இடம்மாறியும் இருந்தது. ஸ்பெர்லிங் இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் கண்ட உறை உதிர்வை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. நால்வரில் ஒருவருக்குத்தான் இந்தப் பிறழ்வு என்பதால் இது முழு விடையல்ல. பிறவியிலேயே பலவீனமான மயிர்க்காலை வெப்பமும் இழுவையும் மேலும் நலிவிக்கலாம் என்பதை நானும் ஏற்கிறேன். அதனால்தான் சீப்பை முற்றிலும் விடுவிக்காமல், முதல் குற்றவாளி என்ற இடத்திலிருந்து மட்டும் இறக்குகிறேன்.

இன்னொரு தடயம் தலைக்கு வெளியே கிடைத்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் க்ரிஸ்டல் அகூ உள்ளிட்ட குழு 4,87,104 கறுப்பினப் பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. சிசிசிஏ உள்ளவர்களில் 13.9 சதவீதம் பேருக்குக் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தது. நோய் இல்லாதவர்களில் 3.3 சதவீதம். ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளல்ல. ஃபைப்ராய்டும் நார்த்திசு மிகுந்து வளர்வதால் வருவது. காயம் ஆறவேண்டிய அளவில் நிற்காமல் நார் பெருகிக்கொண்டே போகும் தன்மை இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். அதே குழு தலைத்தோல் திசுவிலும் நார் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்கள் மிகுந்து இயங்குவதைக் கண்டது. அது முதல், மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமா என்று உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. நோயாளிகள் முதலில் விழிப்பார்கள். பிறகு பாதிப்பேர் ‘ஆமாம்’ என்பார்கள்.

மருத்துவத்தின் நோக்கம் முதலில் விரிவதை நிறுத்துவது. வீரியமான ஸ்டெராய்டு களிம்பு. வட்டத்தின் ஓரத்தில் சில வாரங்களுக்கொருமுறை ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டெராய்டு ஊசி. அழற்சியைத் தணிக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை, அது போதாவிட்டால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். உயிரோடிருக்கும் மயிர்க்கால்களை ஊக்க மினாக்ஸிடில். பொடுகிருந்தால் அதற்கான ஷாம்பு. பின்னலைத் தளர்த்தவும் வெப்பத்தைக் குறைக்கவும் சொல்கிறேன், ஆனால் மருந்துச்சீட்டை எழுதி முடித்த பிறகுதான் சொல்கிறேன். வரிசை மாறினால் அது மறுபடி பழியாகவே காதில் விழும். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை நார் வளர்ச்சிக்கு எதிராகப் பயன்படுத்தும் முயற்சியும் நடக்கிறது. மற்ற மருந்துகளுக்கு மசியாத 12 பேருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம் குறைந்தது ஆறு மாதம் கொடுத்ததில், அரிப்பும் வலியும் குறைந்து, சிலருக்கு முடியும் வளர்ந்ததாக 2024-ல் அகூவின் குழு எழுதியது. சிறிய ஆய்வு, ஒப்பிட மருந்தில்லாத குழு கிடையாது. நீரிழிவுக்கு அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கும் நம் வீட்டு ஆட்கள் இதைப் படித்துவிட்டுத் தலையைத் தடவிப் பார்க்க வேண்டாம். இந்தியர்களிடம் சிசிசிஏ மிக அரிது. நம்மிடம் வடு வழுக்கை என்றால் பெரும்பாலும் லைக்கன் பிளானோபைலாரிஸ், வட்டத்தழும்பு லூபஸ் என்ற வேறு தோல் நோய்கள்தான். உச்சியில் அரிப்போடும் எரிச்சலோடும் முடி போனால், சின்ன வெங்காயத்தைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது மட்டும் இருவருக்கும் பொது. நோய் ஓராண்டாவது அடங்கியிருந்தால் முடி நடலாம். வடுவில் இரத்த ஓட்டம் குறைவென்பதால் நட்டதெல்லாம் பிடிக்காது என்று முன்பே சொல்லிவிடுவேன்.

மகள்களைப் பற்றிக் கேட்காமல் எந்தத் தாயும் என் அறையை விட்டுப் போவதில்லை. பிஏடிஐ3 சோதனையை நான் வழக்கமாக எழுதுவதில்லை. பிறழ்வு இல்லையென்று வந்தாலும் நோய் வராது என்று சொல்ல முடியாது. அதனால் மகளையும் அழைத்துவரச் சொல்கிறேன். அவளுக்கு இருபது வயதுதான் என்றாலும், முடி அடர்ந்திருந்தாலும் சரி, உச்சியை நடுவகிடு எடுத்துப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஆண்டுக்கொருமுறை ஒப்பிடுகிறேன். உச்சியில் மட்டும் முடி ஒடிந்தால், எரிந்தால், அப்போதே வரச் சொல்கிறேன். தங்களுக்குத் தலைவாரிப் பின்னிவிடும் சலூன்காரியிடமும் இதைச் சொல்லிவைக்கச் சொல்கிறேன். தன் உச்சந்தலையை யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது; எங்கள் நகரத்தில் அதை முதலில் பார்ப்பவர் அந்தப் பெண்மணிதான்.